ஆப்பில் பச்சை, வாசலில் தடைப் பலகை: ட்ரோனை எங்கே பறக்கவிடலாம்?

கேள்வியின் சாரம் இது: 249 கிராம் எடையுள்ள கேமரா ட்ரோன் வைத்திருக்கிறீர்கள். பொழுதுபோக்குக்குத்தான், வேறு நோக்கம் இல்லை. ட்ரோன் வரைபட ஆப்பில் பறக்கலாம் என்று பச்சையாகத் தெரிந்த பூங்காவுக்குப் போனால், வாசலில் தடைப் பலகை இருக்கிறது, காவலரும் கூடாது என்கிறார். யார் சொல்வதை நம்புவது, புது இடத்துக்குப் போகும் முன் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை. அதனால் எங்கும் பொருந்தக்கூடிய முறையைச் சொல்லி, அங்கங்கே சில நாடுகளின் விதிகளை எடுத்துக்காட்டாகத் தருகிறேன்.

முதலில் நேரடியான பதில். பெரும்பாலும் ஆப், காவலர் இருவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஆப் வான்வெளியைப் பற்றிப் பேசுகிறது, காவலர் தரையைப் பற்றிப் பேசுகிறார். வான்வெளி விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் நின்றுகொண்டு ட்ரோனை மேலே ஏற்றும் மண் நகராட்சி, வனத்துறை, தொல்லியல் துறை, தனியார் என்று வேறு யாருடைய கையிலோ இருக்கிறது. இவை போதாதென்று அன்றைய தினத்துக்கு மட்டும் ஒரு தடை வந்திருக்கலாம், அதைப் போடுபவர் மூன்றாவது ஆள். இந்த மூன்றில் ஒன்று கூடாது என்றாலும் பறக்க முடியாது. பச்சை நிறம் முதல் கேள்விக்கு மட்டும் கிடைத்த பதில். அதை மூன்றுக்கும் கிடைத்த பதிலாக எடுத்துக்கொள்வதால்தான் இந்த விஷயத்தில் பாதிச் சிக்கல் வருகிறது.

வான்வெளியில் இருந்து தொடங்குவோம். பல நாடுகளில் 120 மீட்டர் அல்லது 400 அடி என்ற உயரவரம்பைப் பார்க்கலாம். ஊர்ப்பகுதிகளுக்கு வெளியே, ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, சிறு விமானங்கள் பொதுவாக 500 அடிக்குக் கீழே வரக் கூடாது என்பது பழைய சர்வதேச நடைமுறை. ட்ரோனை 400 அடியில் நிறுத்தினால் நடுவே 100 அடி இடைவெளி கிடைக்கும். ஹெலிகாப்டர்களும் பயிருக்கு மருந்தடிக்கும் விமானங்களும் இதற்குக் கீழேயும் பறக்கும் என்பதால் அந்த 100 அடியை முழுப் பாதுகாப்பு என்று நம்ப முடியாது. ஆள் ஏறிய எந்த விமானம் வந்தாலும் ட்ரோன்தான் விலகிப்போக வேண்டும்.

விமான நிலையத்தைச் சுற்றி இந்த வரம்பு குறைந்துகொண்டே வரும். குறையும் விதம்தான் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. சிவப்பு, மஞ்சள் என்று குறிக்கப்படாத இடங்களில் 400 அடி வரை பச்சை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் பச்சை 200 அடியோடு, அதாவது 60 மீட்டரோடு, முடிந்துவிடும். அதற்கு மேலே மஞ்சள், அங்கே போக வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டின் அனுமதி வேண்டும். சிவப்புக்கு மத்திய அரசின் அனுமதி. ஆக ஒரே புள்ளியில் தரைக்குப் பக்கத்தில் பச்சையும் தலைக்கு மேலே மஞ்சளும் இருக்க முடியும். வரைபடத்தில் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, அந்த நிறம் எந்த உயரம் வரை என்று பார்க்காமல் விடுவதுதான் அங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

அமெரிக்காவில் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் 0, 50, 100 என்று 400 அடி வரை ஓர் உச்சவரம்பு எழுதியிருப்பார்கள். லான்ஸ் என்ற முறையில் ஆப் வழியாகவே விண்ணப்பித்தால், அந்த உச்சவரம்புக்குள் சில நொடிகளில் அனுமதி கிடைக்கும். 0 என்று எழுதிய கட்டத்தில் அந்த உடனடி அனுமதி கிடையாது. பிரிட்டனில் விமானத்தளத்தைச் சுற்றி 2 அல்லது 2.5 கடல்மைல் ஆரத்தில் ஒரு வட்டம், அதோடு ஒவ்வொரு ஓடுபாதையின் முனையில் இருந்தும் 5 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு நீள்சதுரம். அதற்குள் அந்தத் தளத்தின் அனுமதி இல்லாமல் எந்த எடை ட்ரோனும் பறக்கக் கூடாது. சிங்கப்பூரில் விமானத்தளங்களில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் பறக்கவும், கடல்மட்டத்தில் இருந்து 200 அடிக்கு மேலே போகவும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். எங்கிருந்து அளக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தியாவில் விமான நிலையத்தின் சுற்றெல்லையில் இருந்து அளவு. பிரிட்டனில் அந்த வட்டத்துக்கு மையம் நீளமான ஓடுபாதையின் நடுப்புள்ளி. கூகுள் மேப்பில் குத்தியிருக்கும் ஊசியோ பெரும்பாலும் பயணிகள் முனையத்தின் மேல் இருக்கும். அந்த ஊசியில் இருந்து ஸ்கேல் வைத்து அளந்து, 8.3 கிலோமீட்டர் இருக்கிறது, தப்பித்தோம் என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. பெரிய நிலையங்களில் முனையத்துக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே 2, 3 கிலோமீட்டர் சாதாரணமாக இருக்கும். கையால் அளக்கவே வேண்டாம், அரசின் அதிகாரப்பூர்வ வரைபடத்தில் உங்கள் புள்ளியைத் தொட்டுப் பாருங்கள்.

உயரத்திலும் இதே கதைதான். கன்ட்ரோலர் திரையில் தெரியும் உயரம், ட்ரோன் எழும்பிய இடத்தில் இருந்து கணக்கிட்டது. காற்றழுத்தத்தை வைத்து அது கணக்கிடுகிறது. கீழே தரை எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கடலுக்கு மேல் 90 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை விளிம்பில் இருந்து ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். திரையில் 60 மீட்டர் காட்டும்போது ட்ரோன் கடலுக்கு மேலே 150 மீட்டரில் இருக்கிறது. இது மீறலா? அமெரிக்க விதி நேர்கீழே உள்ள பரப்பில் இருந்து அளக்கிறது, எனவே கரையைத் தாண்டியதுமே மீறல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/947 விதி பூமிப் பரப்பின் மிக அருகிலுள்ள புள்ளியில் இருந்து 120 மீட்டர் என்கிறது. பாறையில் இருந்து 30 மீட்டர் தள்ளி இருக்கும்வரை மிக அருகிலுள்ள புள்ளி அந்தப் பாறைதான், தூரம் ஏறக்குறைய 67 மீட்டர், எனவே சரி. 500 மீட்டர் கடலுக்குள் போய்விட்டால் மிக அருகிலுள்ள புள்ளி கீழேயுள்ள கடல், தூரம் 150 மீட்டர், அப்போது அங்கேயும் மீறல். மலைப்பகுதியில் படமெடுக்க விரும்புபவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டாலே பெரிய சிக்கல்களைத் தவிர்க்கலாம்.

அடுத்து 249 கிராம். "250 கிராமுக்குக் கீழே என்றால் எந்த விதியும் கிடையாது" என்று விற்பவர்களே சொல்வதுண்டு. எந்தச் சலுகை கிடைக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும். எடைக்குக் கிடைக்கும் சலுகைகள் பெரும்பாலும் பதிவு, தேர்வு, சான்றிதழ் சார்ந்தவை. இந்தியாவில் 250 கிராம் வரையுள்ள நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கவிடும் 2 கிலோ வரையுள்ள மைக்ரோ ட்ரோனுக்கும் ரிமோட் பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலம் நானோவுக்கும் சிவப்புதான். ஐரோப்பாவில் 250 கிராமுக்குக் கீழே இருந்தாலும் கேமரா இருந்தால், அது பொம்மை வகையில் வராதவரை, இயக்குபவர் பதிவு செய்தாக வேண்டும். பிரிட்டனில் 2026 ஜனவரி 1 முதல் 100 கிராமில் இருந்தே பறப்பவருக்கான அடையாள எண் வேண்டும். ஜப்பானிலும் பதிவு 100 கிராமில் தொடங்குகிறது. முக்கிய அரசு கட்டடங்களைச் சுற்றிப் பறப்பதைத் தடுக்கும் அந்நாட்டுத் தனிச்சட்டமோ எடையையே பார்ப்பதில்லை, பொம்மை ட்ரோனும் அதில் அகப்படும்.

இன்னொன்று, எடை என்பது பறக்கும்போது உள்ள எடை. பெட்டியில் எழுதியிருப்பதை வைத்து வாதாட முடியாது. இறக்கைக் காப்பு மாட்டினாலோ, நீண்ட நேரம் ஓடும் பெரிய பேட்டரி போட்டாலோ 250ஐத் தாண்டிவிடும். டிஜேஐ நிறுவனத்தின் மினி 3 ரகத்தில் பெரிய பேட்டரி போட்டால் எடை 290 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. சமையலறைத் தராசில், மெமரி கார்டு, ஃபில்டர், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி தரை. உங்கள் பூங்கா விவகாரம் இங்கேதான் வருகிறது. நிலத்தை நிர்வகிப்பவர் தன் எல்லைக்குள் ட்ரோனை ஏற்றவும் இறக்கவும் தடை போடலாம். அதற்கு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் அவருக்குத் தேவையில்லை. அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 2014 ஜூனில் போட்ட உத்தரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தங்கள் நிலத்திலும் நீர்ப்பரப்பிலும் இருந்து ட்ரோனை ஏற்றுவது, இறக்குவது, இயக்குவது எல்லாவற்றையும் அது தடுக்கிறது. அந்தப் பூங்காக்களில் பல கட்டுப்பாடற்ற வான்வெளிக்குக் கீழேதான் இருக்கின்றன, விமான வரைபடத்தை மட்டும் பார்த்தால் தடங்கலே தெரியாது. பிரிட்டனில் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிலங்களிலும் லண்டனின் ராயல் பார்க்ஸ் பூங்காக்களிலும் இதே நிலை. இந்தியாவில் வனவிலங்குச் சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் உள்ளே நுழைவதற்கே வனத்துறையின் சட்டம் பேசும், ட்ரோனுக்கு அத்துறையின் தனி அனுமதி வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களிலும் அத்துறையின் அனுமதி இல்லாமல் ஏற்ற முடியாது. போகிற போக்கில் ஒரு திருத்தம்: அந்தச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப்பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குமுறைப் பகுதி என்று பலகையில் எழுதியிருப்பது கட்டடம் கட்டுவதற்கான வரம்பு. அதை ட்ரோன் எல்லையாக நினைத்து, 101ஆவது மீட்டரில் நின்று ஏற்றினால் பிரச்சினையில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அதற்கும் ட்ரோனுக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் பூங்காவுக்கு வெளியே பொதுச்சாலையில் நின்று ஏற்றி, உள்ளே பறந்து படமெடுத்துவிட்டு வெளியே இறக்கலாமா? இந்த இடத்தில்தான் உறுதியும் சந்தேகமும் பிரிகின்றன. உறுதியானதை முதலில் சொல்கிறேன். ஏற்றுவதையும் இறக்குவதையும் தடுக்க நிலத்துக்குரியவருக்கு உரிமை உண்டு. மேலே பறப்பதைத் தடுக்க அவருக்கு உரிமை உண்டா என்பது நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவில் நியூட்டன் நகராட்சி, தனியார் நிலத்துக்கு மேல் 400 அடிக்குக் கீழே உரிமையாளர் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது என்று விதி போட்டது. 2017இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ரத்து செய்தது, வான்வெளி கூட்டாட்சி அரசின் கையில் இருக்கிறது, நகராட்சி அதில் கைவைக்க முடியாது என்பது காரணம். அதே நாட்டில் 1946இல் காஸ்பி வழக்கில், ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் கோழிப்பண்ணைக்கு மேலே பறந்து கோழிகள் மிரண்டு செத்தபோது, நிலத்தை ஒட்டிய வான்பகுதியில் உரிமையாளருக்கும் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பகுதி எத்தனை அடி வரை என்று கோடு போட்டுத் தரவில்லை. 20 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோன் எந்தப் பக்கம் என்பது அதனால் இன்னும் வாதத்துக்குரிய விஷயம்தான்.

மற்ற நாடுகளில் இந்தப் பிரிவினையே செல்லாமல் போகலாம். பிரான்சில் ஊர்ப்பகுதிக்குள் பொது இடங்களுக்கு மேல் பொழுதுபோக்காகப் பறக்கவிடுவது கூடாது, எங்கே நின்று ஏற்றினாலும் அப்படித்தான். ஜெர்மனியில் குடியிருப்பு மனைகள், இயற்கைக் காப்பகங்கள், ரயில்பாதைகள், தேசிய நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்கான கட்டுப்பாடுகள் விமானச் சட்டத்திலேயே எழுதப்பட்டவை. டிபுல் என்ற அந்நாட்டு அரசின் ட்ரோன் வரைபடத்தில் அவை தனித்தனி அடுக்குகளாகத் தெரியும். எனவே "வானம் பொது, நிலம் மட்டும்தான் அவர்களுடையது" என்ற வாதத்தை ஒரு நாட்டில் படித்துவிட்டு இன்னொரு நாட்டில் போய்ப் பேசாதீர்கள். சட்டப்படி தப்பித்தாலும், கூடு கட்டிய பறவைகளைக் கலைத்ததற்கும் அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்ததற்கும் தனிச்சட்டங்கள் இருக்கின்றன. வெளியே நின்று உள்ளே பறக்கும் உத்தி எனக்கு எப்போதும் மோசமான யோசனையாகவே படுகிறது.

மூன்றாவது, நாளுக்கு நாள் மாறும் தடைகள். இந்திய விதிகளின்படி மாநில அரசோ சட்டம் ஒழுங்கு அமைப்போ ஒரு பகுதியை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். அதை அறிவிக்க காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். டிஜிட்டல் ஸ்கை என்ற அரசின் ட்ரோன் தளத்தின் வரைபடத்திலும் காட்ட வேண்டும். ஏற்றுவதற்கு முன் அந்தத் தளத்தைப் பார்ப்பது ட்ரோனை இயக்குபவரின் கடமை என்று விதியே சொல்கிறது, தெரியாது என்பது பதிலாகாது. இதைத் தவிர, பழைய 144 என்று எல்லோரும் அறிந்த தடை உத்தரவு, இப்போதைய சட்டத்தில் 163ஆவது பிரிவு, அதன் கீழும் முக்கியப் பிரமுகர் வருகை, திருவிழா போன்ற நாட்களில் ட்ரோனுக்குத் தடை வரும். அது வரைபடத்தில் ஏறாமல் செய்திக்குறிப்பாக மட்டும் வரவும் வாய்ப்பிருக்கிறது. ஆகவே வரைபடத்தோடு அந்த மாவட்டக் காவல்துறையின் அன்றைய அறிவிப்புகளையும் பாருங்கள். அமெரிக்காவில் 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய மைதானத்தில் பெரிய லீக் ஆட்டம் நடந்தால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை 3 கடல்மைல் ஆரத்தில், தரையில் இருந்து 3,000 அடி வரை தடை. மைதானத்தில் இருந்து 5 கிலோமீட்டர் தள்ளி, ஆட்டம் நடப்பதே தெரியாமல் கொல்லைப்புறத்தில் ட்ரோன் ஏற்றுபவரும் இதில் மாட்டுவார்.

இத்தகைய தடைகள் விமானிகளுக்கான நோட்டாம் (NOTAM) என்ற அறிவிப்பாக வரும். பார்க்க மிரட்டும், ஆனால் நமக்கு வேண்டியது மூன்றே இடங்கள். "பி" (B) என்ற வரியில் தொடக்கம், "சி" (C) என்ற வரியில் முடிவு. இரண்டிலும் பத்து இலக்க எண் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இலக்கம். 2605101330 என்றால் 2026 மே 10, 13:30. அது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டி இரவு 7, சிங்கப்பூருக்கு எட்டு கூட்டி இரவு 9:30. இந்தக் கூட்டலை மறந்துதான் பலர் தடை முடிந்துவிட்டதாகவோ தொடங்கவில்லை என்றோ நினைத்து ஏற்றிவிடுகிறார்கள். "க்யூ" (Q) என்ற வரியில் 000/020 போல ஒன்று இருக்கும், அது நூறடிக் கணக்கில் உயரம்: தரையில் இருந்து 2,000 அடி வரை. அதே வரியின் கடைசி மூன்று இலக்கம் கடல்மைலில் ஆரம். 003 என்றால் சுமார் 5.6 கிலோமீட்டர்.

"தடை இருந்தால் ட்ரோனே எழும்பாதே?" என்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். டிஜேஐ முன்பு விமான நிலையங்களைச் சுற்றி மென்பொருள் வேலி போட்டு மோட்டாரையே ஓடவிடாமல் செய்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அதை எச்சரிக்கையாக மாற்றிவிட்டது, ஐரோப்பாவில் அதற்கு ஓராண்டு முன்பே. இப்போது திரையில் ஒரு செய்தி வரும், ஒப்புக்கொண்டால் ட்ரோன் எழும்பும். பொறுப்பு உங்களுடையது. எதிர்த்திசையிலும் இதே குழப்பம் உண்டு. தயாரிப்பாளரிடம் பூட்டைத் திறக்கச் சொல்லி வாங்கிய அனுமதி அரசு அனுமதி ஆகாது.

நடைமுறையில் செய்ய வேண்டிய வரிசை இது. போகும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்துக்குப் போய், பொழுதுபோக்குப் பறத்தலுக்கான பக்கத்தைப் படியுங்கள். அங்கே அவர்களே எந்த வரைபடத்தை அதிகாரப்பூர்வமானது என்று சுட்டுகிறார்களோ அதை மட்டும் நம்புங்கள். ஆப் ஸ்டோரில் முதலில் வருவதை நம்ப வேண்டாம். வரைபடத்தில் எல்லா அடுக்குகளையும் திறந்துவிட்டு, நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். சில தளங்களில் தூரத்தில் இருந்து பார்த்தால் சிறிய மண்டலங்கள் மறைந்துவிடும், மருத்துவமனை ஹெலிபேடு போன்றவை சில வரைபடங்களில் இருக்கவே இருக்காது. நீங்கள் நிற்கும் புள்ளியை மட்டும் பார்க்காமல் ட்ரோன் போகும் பாதை முழுவதையும் பாருங்கள். பிறகு நிலம் யாருடையது என்று தேடுங்கள். பூங்கா, கடற்கரை, அணை, கோட்டை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகம் இருக்கும். அவர்கள் தளத்தில் துணைவிதிகள் கிடைக்காவிட்டால் மின்னஞ்சலில் கேளுங்கள், கேள்வி துல்லியமாக இருக்கட்டும்: "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், உங்கள் எல்லைக்குள் இந்த இடத்தில் இருந்து 249 கிராம் ட்ரோனை ஏற்றி இறக்க அனுமதி உண்டா? இல்லையென்றால் எந்த விதியின் கீழ்?" மொட்டையாக "ட்ரோன் விடலாமா" என்று கேட்டால் பயந்துபோய் "கூடாது" என்றுதான் பதில் வரும். புறப்படும் நாள் காலையில் தற்காலிகத் தடைகளைப் பார்த்து, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களைக் காப்பாற்றிவிடும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் கவனமாக இருந்ததற்குச் சான்று.

ஒன்றைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை, அது வீடு திரும்பும் உயரம். சிக்னல் அறுந்தால் பல மாடல்கள் முதலில் அந்த உயரத்துக்கு ஏறி, பிறகு புறப்பட்ட இடத்துக்கு நேர்கோட்டில் வரும். நீங்கள் 60 மீட்டர் வரம்புள்ள இடத்தில் 40 மீட்டரில் ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கிறீர்கள், அமைப்பில் வீடு திரும்பும் உயரம் 100 என்று கிடக்கிறது. ஒரு கட்டடத்துக்குப் பின்னால் போய் சிக்னல் அறுந்தது என்றால் ட்ரோன் தானாகவே மஞ்சள் மண்டலத்துக்குள் ஏறிவிடும், உங்களால் தடுக்கவும் முடியாது. வளைவான ஆற்றைத் தொடர்ந்து தடைப்பகுதியைச் சுற்றிப் போயிருந்தால், திரும்பி வரும் நேர்கோடு அந்தத் தடைப்பகுதிக்குள் புகுந்து வரும். ஒவ்வொரு புது இடத்திலும் மோட்டாரை ஓட்டுவதற்கு முன் அதிகபட்ச உயரம், அதிகபட்ச தூரம், வீடு திரும்பும் உயரம் மூன்றையும் அந்த இடத்தின் வரம்புக்கு ஏற்ப மாற்றுங்கள். வீடு திரும்பும் உயரம் வரம்புக்குக் கீழும் சுற்றியுள்ள மரங்கள், மின்கம்பிகளுக்கு மேலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் அந்த இடம் பறப்பதற்கு ஏற்றதில்லை.

இடத்தில் யாராவது தடுத்தால், அவர் சொல்வது தவறென்று தெரிந்தாலும் முதலில் ட்ரோனை இறக்குங்கள். காற்றில் இருக்கும்போது வாக்குவாதம் செய்தால் கண் ட்ரோனில் இருக்காது, அதுவே தனி மீறல். இறக்கிய பிறகு எந்த விதி என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொண்டு, பின்னால் நிர்வாகத்துக்கு எழுதுங்கள். உள்ளூர்க் காவலர்களுக்கு விமான விதிகள் முழுதாகத் தெரிந்திருக்காது, அதே சமயம் அன்று காலை வந்த தடை உத்தரவு உங்களுக்கு முன் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் கூடாது என்றால் நிறுத்துங்கள். அவரே பரவாயில்லை, பறக்கவிடுங்கள் என்றால் அது வான்வெளி அனுமதி ஆகிவிடாது.

வெளிநாடு போவதாக இருந்தால் எங்கே பறக்கலாம் என்பதற்கு முன் கொண்டுபோகலாமா என்று பாருங்கள். மொராக்கோவிலும் எகிப்திலும் முன் அனுமதியில்லாத ட்ரோனைச் சுங்கத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள். இந்தியா 2022 பிப்ரவரி 9 அன்று முழுமையாகவோ பிரித்த நிலையிலோ வரும் ட்ரோன்களின் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு, உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. வெளிநாட்டில் இருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் பயணிகளும் இதில் சிக்குகிறார்கள். இவை அடிக்கடி மாறும் விதிகள், டிக்கெட் எடுக்கும் முன் அந்த நாட்டின் சுங்கத்துறைப் பக்கத்தையும் விமான ஆணையத்தின் பக்கத்தையும் அன்றைய தேதியில் திறந்து படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மட்டும் ஒரு வசதி உண்டு, ஒரு நாட்டில் எடுத்த இயக்குபவர் பதிவு மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். வெளியில் இருந்து போகிறவர் முதலில் பறக்கப்போகும் நாட்டில் பதிவு செய்துகொள்ளலாம். பறக்கக்கூடிய மண்டலங்கள் மட்டும் நாட்டுக்கு நாடு வேறுதான், எல்லை தாண்டும்போதெல்லாம் வரைபடத்தையும் மாற்றியாக வேண்டும்.